அந்த யோசனையை முதலில் சொன்னது யார்? கேள்வி பதில்

இருபது வருடங்களுக்கு மேல் தொழிற்சாலைகளில் செயல்முறைப் பொறியாளராக இருந்தேன். இப்போது மேம்பாட்டுக் குழுக்களுக்குப் பயிற்சி தருகிறேன். வேலையிடத்தில் ஆண், பெண், புது யோசனை பற்றிச் சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளில் சில.

பொங்கோல், மென்பொருள் சோதனையாளர்: அக்கா, நான் சொன்னால் தலையாட்டுவதோடு சரி. அதையே பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் சொன்னால் ‘சூப்பர்’ என்கிறார்கள். நான் இன்னும் சத்தமாகப் பேசணுமா?

சத்தம் உதவாதும்மா. ஒரு செமிகண்டக்டர் ஆலையில் தட்டுகள் அடிக்கடி சாய்ந்து கொட்டின. இரவு ஷிப்டில் இருந்த ஓர் அக்கா, “கையுறை பெரிசு, விரல்நுனி மடிஞ்சு கொக்கியில மாட்டுது” என்று கையை நீட்டிக் காட்டினார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து ஓர் இளம் பொறியாளர் அதையே படம் போட்டுச் சொன்னதும் கைதட்டல். சின்ன அளவுக் கையுறை வந்தது, தட்டு சாய்வதும் நின்றது. அறிக்கையில் அக்காவின் பெயர் இல்லை. அதன்பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. அன்று குறிப்பெடுத்தவள் நான்தான். இன்றும் உறுத்துகிறது.

அதிலிருந்து என் கூட்டங்களில் எல்லோரும் முதலில் தாளில் எழுதுவார்கள், பிறகுதான் பேச்சு. குறிப்பில் யோசனைக்குப் பக்கத்தில் பெயர் இருக்கும். நீங்கள் முந்தின நாளே இரண்டு வரி எழுதிக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். யார் சொன்னது என்ற பேச்சே எழாது.

ஜூரோங், குழுத் தலைவர்: குறிப்பெடுப்பது, கேக் வாங்குவது, புதியவருக்குச் சுற்றிக் காட்டுவது எல்லாவற்றுக்கும் பெண்கள் தாமாகவே முன்வருகிறார்கள். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே?

அமெரிக்காவில் லிண்டா பாப்காக்கும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கானது. யாரும் விரும்பாத வேலைக்கு, ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் ஏறத்தாழ 48 சதவீதம் கூடுதலாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று பிரித்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆக, இது பெண்ணின் சுபாவம் இல்லை சார், ‘அவள் செய்துவிடுவாள்’ என்று எல்லோரும் காத்திருப்பது. எழுதிக்கொண்டிருக்கும் கைக்கு யோசிக்க நேரம் ஏது? நாளைக்கே முறைப் பட்டியல் போடுங்கள், முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.

தெம்பனிஸ், சொந்தத் தொழில்: முதலீட்டாளர்கள் என்னிடம் ‘நஷ்டம் வந்தால்?’ என்றே கேட்கிறார்கள்.

உங்களிடம் மட்டும் இல்லை. நியூயார்க்கில் நடந்த தொழில்முனைவோர் போட்டிகளை டானா கான்ஸ் குழு ஆராய்ந்து 2018இல் வெளியிட்டது. ஆண்களிடம் பெரும்பாலும் வளர்ச்சி பற்றியும், பெண்களிடம் ஆபத்து பற்றியும் கேட்டிருக்கிறார்கள். ஆபத்துக் கேள்விக்கும் வளர்ச்சியைக் காட்டிப் பதில் சொன்னவர்கள் கூடுதலாகப் பணம் திரட்டினார்கள். ‘வாடிக்கையாளர் போகாமல் எப்படிக் காப்பீர்கள்?’ என்று கேட்டால், புதியவர்கள் எவ்வளவு வேகமாக வருகிறார்கள் என்பதில் தொடங்குங்கள்.

ஈசூன்: பெண்கள் கூடினால் கண்டுபிடிப்பே மாறுமா? வெறும் எண்ணிக்கைதானே?

மாறுகிறது. 1976 முதல் 2010 வரையிலான அமெரிக்க மருத்துவக் காப்புரிமைகளை அலசிய 2021 ஆய்வில், ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களைவிட, பெண்கள் மட்டுமே இருந்த குழுக்கள் பெண்களின் உடல்நலப் பிரச்சினைகளை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். வலியை அறிந்தவர்தானே மருந்து தேடுவார்? நம் ஊரில் 1979 முதல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான். அந்த வரம்பு 2003இல்தான் நீங்கியது. அதற்குள் வாசலிலேயே திரும்பிய பெண்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

செங்காங்: கர்ப்பமாக இருக்கிறேன். புதிய திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களோ?

வாய்வார்த்தையோடு விடாதீர்கள். நீக்குப்போக்கு வேலை ஏற்பாடு (வேலை நேரத்தையோ இடத்தையோ தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது) வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். 1 டிசம்பர் 2024 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டியின்படி நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். திட்டத்தில் உங்கள் பகுதி எது, விடுப்பு முடிந்து எதைத் தொடர்வீர்கள் என்பதையும் மேலாளருக்கு எழுதி அனுப்புங்கள். 1 ஏப்ரல் 2026 முதல் பிறக்கும் சிங்கப்பூர்க் குழந்தைகளுக்குப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 10 வாரம். உங்கள் வீட்டுக்காரரையும் அவர் மேலாளரிடம் இப்போதே பேசச் சொல்லுங்கள்.