சைக்கிளில் செல்பவரின் சட்டை

அன்புள்ள ஐயா,

தினமும் வேலைக்குச் சைக்கிளில் செல்கிறேன். தலைக்கவசமும் பந்தய உடையும் அணிந்த நாட்களில் கார்கள் உரசுவதுபோலக் கடக்கின்றன. சாதாரணச் சட்டையில் சென்றால் சற்று விலகுகின்றன. இது என் பிரமை என்கிறார் நண்பர். ஓட்டுநர்கள் மரியாதையோடு நடத்த நான் எப்படி உடுத்த வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்துக்கு முந்தைய வாரம், கார் ஓட்டிச் சென்ற நான் ஒரு சைக்கிள்காரரை மிக நெருக்கமாகக் கடந்தேன். பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன்: சைக்கிள் ஆட்டம் கண்டு, அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். தலைக்கவசம், கையுறை, பந்தய உடை எல்லாம் அணிந்திருந்தார். ‘தேர்ந்த ஆள், நேராகத்தான் ஓட்டுவார்’ என்று என் மனம் எனக்கே தெரியாமல் கணக்குப் போட்டிருக்கிறது. ஆகவே எல்லாமே பிரமை இல்லை என்று நண்பரிடம் சொல்லுங்கள். குற்றம் செய்தவனே ஒப்புக்கொள்கிறேன்.

அளந்து பார்த்தவரும் உண்டு. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயன் வாக்கர், 2006இல் தூரம் அளக்கும் கருவியைச் சைக்கிளில் பொருத்தித் தாமே ஓட்டிச் சென்று, தம்மை முந்திய 2,300க்கும் மேற்பட்ட வாகனங்களின் இடைவெளியைப் பதிவு செய்தார். தலைக்கவசம் அணிந்தபோது அவை சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன. நீண்ட கூந்தல் டோப்பா மாட்டிப் பெண்போலத் தோன்றியபோது 14 சென்டிமீட்டர் விலகின. (இடையே ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தன, இரண்டு முறையும் தலைக்கவசத்தோடுதான் இருந்தார்.) இந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு. இதை நம்பித் தலைக்கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள். விழுந்தால் மண்டையைக் காப்பது அதுதான்.

நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மரியாதைக்காக எப்படி உடுத்துவது என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில் வாக்கரும் சகாக்களும் ஏழு வகை உடைகளைச் சோதித்தார்கள். வாகனங்கள் முந்திய 5,690 தடவைகளில், பந்தய உடை, ஒளிரும் மேலங்கி, ‘புதிதாக ஓட்டுபவர், மெதுவாகக் கடக்கவும்’ என்று எழுதிய மேலங்கி என எதை அணிந்தாலும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான். காவல்துறையின் பெயரும் கேமரா எச்சரிக்கையும் கொண்ட மேலங்கிக்கு மட்டும் ஓட்டுநர்கள் சில சென்டிமீட்டர் கூடுதலாக விலகினார்கள். எந்த உடையானாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு வாகனங்கள் 50 சென்டிமீட்டருக்குள் உரசிச் சென்றன.

யோசித்துப் பாருங்கள். புதியவன் என்று முதுகில் எழுதிக் கெஞ்சியபோது இரங்காதவர்கள், வழக்கு வரும் என்றதும் நகர்கிறார்கள். அப்படியானால் விலகத் தெரியாமல் இல்லை, சாலையில் இடம் இல்லாமலும் இல்லை. அன்று எனக்கும் இடம் இருந்தது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பியிருந்தால் போதும். நான் திருப்பாததற்கான காரணத்தை நீங்கள் உங்கள் துணி அலமாரியில் தேடுகிறீர்கள்! நாளை யாராவது உங்களை இடித்தால், ‘என்ன சட்டை போட்டிருந்தார்?’ என்பதே முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு இப்போதே பதில் தயாரித்துக் கொடுக்காதீர்கள்.

வியர்வைக்கு எது வசதியோ அதை அணியுங்கள். கண்ணில் படுவது வேறு விஷயம். இருட்டியபின் ஒளிரும் மஞ்சள் துணியால் அதிகப் பயனில்லை. அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். விளக்கோடு, கணுக்காலிலும் முழங்காலிலும் ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது அவை ஏறி இறங்குவதைக் கண்டே, போவது ஒரு மனிதர் என்று பின்னால் வருபவர் தூரத்திலேயே தெரிந்துகொள்வார்.

அன்புடன்.