1951-இல் வந்த அமெரிக்க நகைச்சுவை டிவி தொடர் 'ஐ லவ் லூசி' இன்றும் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது?

ஒருமுறை வந்த பகுதியைத் திரும்பக் காட்டுவதுதான் மறுஒளிபரப்பு. அதற்கு நல்ல பிரதி வேண்டும். அன்று பல அமெரிக்கத் தொடர்கள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. மிஞ்சியது டிவி திரையைப் படம்பிடித்த மங்கலான பிரதிதான். ஓடும் டிவியை செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள், புரியும்.

'ஐ லவ் லூசி'யில் நடித்த லூசில் பாலும் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தார்கள். சினிமாவுக்குப் பயன்படும் 35 மி.மீ. ஃபிலிமில், மூன்று கேமராக்களை வைத்து எடுத்தார்கள். கூடுதல் செலவுக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, படச்சுருள்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். எவ்வளவு தொலைநோக்கு! அப்புறம், லூசில் பாலின் பிரசவ சமயத்தில் பழைய பகுதிகளையே மறுபடி போட முடிந்தது.

தொடரில் கேட்கும் சிரிப்பொலி பின்னால் ஒட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். படப்பிடிப்பு அரங்கிலேயே உட்கார்ந்திருந்த பார்வையாளர்களின் சிரிப்பு அது.