கல்லைப் புரட்டிப் பார்க்கட்டும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறையில் அவனை ஐந்து நாள் இயற்கை முகாமுக்கு அனுப்ப ஆசைப்படுகிறேன். “மரத்தைப் பார்த்துவிட்டு வர முகாம் எதற்கு? கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்தாலாவது எதையாவது கற்றுக்கொள்வான்” என்கிறார் கணவர். மகனோ பூச்சியைக் கண்டாலே அலறுகிறான், இருட்டென்றாலும் பயம். அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள், அம்மா. ஆனால், என்ன கற்றுக்கொண்டு வருவான் என்று கேட்டால், சான்றிதழில் எழுதுகிற மாதிரி ஒரு பதில் என்னிடம் இல்லை.

ஈரமண்ணில் கிடக்கும் கல்லை ஒரு பையன் புரட்டுகிறான் என்று வையுங்கள். வெளிச்சம் பட்டதுமே எறும்புகள் அரிசிமணி போன்ற கூட்டுப்புழுக்களைக் கவ்விக்கொண்டு உள்ளே ஓடும். பையன் முதலில் இரண்டடி பின்னால் குதிப்பான். பிறகு மெல்லக் கிட்டே வந்து குந்துவான். கூப்பிட்டாலும் எழமாட்டான். கல்லை இருந்தபடியே வைத்துவிடச் சொன்னால், ஓர் எறும்பும் நசுங்கக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்குவான். பூச்சிப் பயம் தேய்வது இப்படித்தான். “பயப்படாதே” என்று சொல்லி யாருடைய பயமும் போனதாக எனக்குத் தெரியவில்லை.

கணவருக்குக் கணக்கு வேண்டுமானால் அதுவும் இருக்கிறது. கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் செல்போன், டிவி எதுவுமின்றி ஐந்து நாள் இயற்கை முகாமில் இருந்தார்கள். முகத்தைப் பார்த்தே பிறர் மனநிலையை அறியும் திறன், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளைவிட அவர்களிடம் கூடுதலாக வளர்ந்திருந்தது. சீனாவின் குவாங்சோவில், பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்ட குழந்தைகளில் மூன்று ஆண்டுகளில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம். ஐந்து நாள் முகாம் கண்ணைக் காப்பாற்றிவிடாது. வெளியே ஓடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் லாபம்.

முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். காலை முதல் இரவு வரை அரைமணிக்கு ஒரு நிகழ்ச்சி என்று நிரம்பி வழிந்தால் அது வேண்டாம். அது மரத்தடியில் நடக்கும் பள்ளிக்கூடம். சும்மா இருக்கவும் நேரம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், முதலுதவி தெரிந்தவர் யார், தண்ணீரில் இறங்கும்போது யார் காவல் என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒவ்வாமை, மருந்து விவரங்களை எழுதியே கொடுங்கள்.

இருட்டுக்கு இப்போதே பழக்கலாம். டார்ச் அவன் கையில் இருக்கட்டும். விளக்கணைத்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நீங்கள் இல்லாமல் ஓரிரவு உறவினர் வீட்டில் தூங்கட்டும். முகாமில் முதல் இரவு அழலாம், அது சகஜம். ஆனால் கிளம்பும்போது, “பிடிக்கவில்லையென்றால் உடனே வந்து கூட்டிப்போகிறேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உன்னால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள்’ என்றுதான் அவன் காதில் விழும். அங்கே போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்கள் வருகைக்காகவே காத்திருப்பான்.

திரும்பி வந்ததும், “என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கணவர் ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் தூங்கட்டும். துணிகளை வாஷிங் மெஷினில் போடுமுன் கால்சட்டைப் பைகளைத் துழாவிவிடுங்கள். கூழாங்கல் இருந்தால் மெஷின் பழுதாகிவிடும்.