தாத்தாவின் ஜாவாவுக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

வணக்கம் சார்,

தாத்தா ஓட்டிய ஜாவா 250, 1969 மாடல், வீட்டு மாடிப்படிக்குக் கீழே பல வருடமாகக் கிடக்கிறது. பெங்களூரில் நடக்கும் பழைய பைக் சந்திப்புக்குக் கொண்டுபோக ஆசை. மெக்கானிக், டேங்குக்குக் குரோம் போட்டு, முழுசாகப் பெயின்ட் அடித்து, இன்ஜினையும் பஃபிங் செய்து, அதாவது தேய்த்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

க., அல்சூர்

அன்புள்ள க.,

அவசரப்படாதீர்கள். முதல் தடவை வண்டியில்லாமல் வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். ஜூலை இரண்டாம் ஞாயிறு சர்வதேச ஜாவா யெஸ்டி தினம். 1996 வரை மைசூர் ஆலையில் செய்த வண்டிகள் ஆயிற்றே, நம் ஊரில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

பளபளக்கும் வண்டி முன்னால் செல்ஃபி எடுப்பவர்கள் எடுக்கட்டும். நீங்கள் ஓரத்தில் தார்ப்பாய் விரித்து ஸ்பேர் விற்பவர்களிடம் போய் உட்காருங்கள். கார்புரேட்டர், கண்ணாடி விரிசல் விட்ட ஸ்பீடாமீட்டர், டேங்க் ரப்பர், கிக்கர் எல்லாம் அங்கேதான். ஜாவாவில் ஒரே லீவர், நிமிர்த்தினால் கிக்கர், முன்னால் சாய்த்தால் கியர் என்று உங்களுக்கே தெரியும். விஷயம் தெரிந்தவர் கிக்கரை வாங்கும்போது பாருங்கள், குரோம் பக்கத்தைக் கண்டுகொள்ளவே மாட்டார். தலைகீழாகத் திருப்பி, ஷாஃப்டில் மாட்டுகிற துளைக்குள் நகத்தை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தடவுவார். பல் மழுங்கியிருந்தால் உதைக்கும்போது வழுக்கும். அப்புறம்தான் பேரம்.

பெயின்ட் வேண்டாம் என்பேன். டேங்க் ஓரத்தில் அந்தக் காலத்துத் தங்கக் கோடு பாதியாவது மிச்சமிருந்தால், சந்திப்பில் பெரியவர்கள் குனிந்து பார்ப்பது அதைத்தான். மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடையுங்கள், போதும். டயர், பிரேக், வயரிங், ரப்பர் சாமான்களைத் தாராளமாக மாற்றலாம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒரிஜினல் பார்க்கக் கூடாது. பஃபிங் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். இன்ஜினின் வெளிக்கூடான கிரான்க்கேஸில் குத்தியிருக்கும் இன்ஜின் எண் தேய்ந்து போனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் நீங்கள்தான் மாட்டுவீர்கள். மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை, பளபளப்புக்குத்தானே நாம் காசு தருகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2021 விதிப்படி ஐம்பது வயது தாண்டிய, சேசிஸும் (அடிச்சட்டம்) இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே தொடரும். ஆனால் அதில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, அவ்வளவுதான். ஓட்டித் திரியத்தான் ஆசை என்றால் அந்தப் பதிவு உங்களுக்கு லாயக்கில்லை.

ஸ்பேர் தேடுவதற்கு முன் ஆர்.சி. என்கிற பதிவுப் புத்தகத்தைத் தேடுங்கள். அது தாத்தா பேரிலேயே இருந்து, அவர் காலமாகியிருந்தால், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். புத்தகம் கிடைக்கவில்லையென்றால் எழுதுங்கள், அது தனிக்கதை.