இத்தாலிய மொழியில் "இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?" என்று இயல்பாகக் கேட்பது எப்படி?

ஒரே ஒரு வாக்கியம் போதும்: "கொமே அந்தாத்த ஒஜ்ஜி?" கொமே என்பது கொமெ (எப்படி), ஏ (துணைவினை) இரண்டும் சேர்ந்தது, அந்தாத்த என்றால் போச்சு, ஒஜ்ஜி என்றால் இன்னைக்கு. நம் பேச்சு அப்படியே அங்கேயும் இருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள்தான் "கொமெ ஏர இல் துவொ ஜொர்னொ?" (உன் நாள் எப்படி இருந்தது?) என்று கேட்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஜொர்னொ காலண்டரில் எண்ணுகிற நாள். காலையிலிருந்து இரவு வரை ஓடி முடிந்த பொழுதுக்கு ஜொர்னாத்த என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த வாக்கியத்தில் நீ, நீங்கள் சிக்கலும் இல்லை. "எப்படி இருக்கே" என்றால் கொமெ ஸ்தாய், "எப்படி இருக்கீங்க" என்றால் கொமெ ஸ்தா என்று வினை மாறும். இங்கே போனது நாள்தானே, ஆளைத் தொடவே இல்லை. பதில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்கும்போதுதான் மரியாதை வரும்: நண்பரிடம் "ஏ அ தே?", மேலதிகாரியிடம் "ஏ அ லேய்?"

கேட்கும் பொருளுக்கேற்ப பால் மாறும். பரீட்சை அங்கே ஆண்பால், "கொமே அந்தாத்தொ லெஸாமெ?" விடுமுறை பெண்பால் பன்மை, "கொமெ ஸோனொ அந்தாத்தெ லெ வக்கான்த்ஸெ?"

உச்சரிப்பில் கவனம். தகரம் நம் தகரமேதான், ஆங்கில டகரம் வேண்டாம். ஆனால் அந்தாத்தவின் கடைசித் தகரம் ஒற்றைதான். 'தாத்தா' போல அழுத்தாமல், 'அதை'யில் வருவது போல மென்மையாக்காமல், வன்மையாக ஒரு தட்டு. இதை எழுதத் தமிழில் எழுத்தில்லை, காதால்தான் பிடிக்க வேண்டும். "கே ஆய் ஃபத்தொ தி பெல்லொ?" (என்ன பண்ணினே?) என்பதில் மாறாக, ஃபத்தொவின் தகரத்தை நன்றாக அழுத்த வேண்டும். ஒற்றையாக்கினால் 'விதி' என்று பொருள். ஆய் என்பதன் முன்னால் எழுத்தில் ஹகரம் இருக்கும், வாயில் வரக் கூடாது. பெல்லொ என்றால் அழகு. அதற்காக அழகான விஷயத்தைத் தேடிச் சொல்ல வேண்டியதில்லை. "நியென்த்தெ தி கே", பெருசா ஒண்ணுமில்லை என்றால் போதும்.

பதிலைப் புரிந்துகொள்வதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அகராதியில் "இன்சொம்மா"வுக்குச் 'சுருக்கமாக' என்று இருக்கும். இந்தக் கேள்விக்கு, இழுத்துச் சொன்னால், "ஏதோ போச்சு" என்று அர்த்தம். சிரித்துத் தலையாட்டாமல் "பெர்க்கே?", அதாவது ஏன் என்று கேளுங்கள். "கே ஜொர்னத்தச்ச!" என்றால் நாளே நாசம்.