எந்த வரியில் விட்டேன்?

கேள்வி: இராணிப்பேட்டையில் தோல் காலணி ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பேக்கிங் லிஸ்ட் (எந்தப் பெட்டியில் என்ன, எத்தனை என்ற பட்டியல்) போட்டுக்கொண்டே சென்னை ஏஜென்ட்டின் அழைப்புகளுக்கும் வாட்ஸ்ஆப் குழுக்களுக்கும் பதில் சொல்கிறேன். சுறுசுறுப்பானவள் என்று பெயர். ஆனால் அண்மையில் இரண்டு முறை பெட்டிக் கணக்குத் தவறிவிட்டது. அட்டாவதானிகள் எட்டு வேலைகளை ஒருசேரச் செய்தார்களே, எனக்கு ஏன் முடியவில்லை?
வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்.

பதில்: உங்கள் திறமையில் குறை இல்லை. துணி மடித்துக்கொண்டே வானொலி கேட்கலாம்; மடிப்பது கைப்பழக்கமாகிவிட்ட வேலை. கூட்டலும் உரையாடலும் அப்படியல்ல. இரண்டுக்கும் முழுக் கவனம் வேண்டும் என்பதால், மூளை அவற்றை ஒருசேரச் செய்வதில்லை, ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவுகிறது. ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போடுவதைவிட, இருவகைக் கணக்குகளை மாற்றி மாற்றிப் போடக் கூடுதல் நேரமாகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்ட் 1927இலேயே காட்டினார். அடுத்து எந்த வேலை வரும் என்பது முன்பே தெரிந்து, ஆயத்தமாக நேரம் கிடைத்தாலும்கூட இந்தத் தாமதம் முழுவதும் மறைவதில்லை என்பதை 1995இல் உளவியலாளர்கள் ரோஜர்ஸ், மான்செல் ஆகியோரின் சோதனைகள் உறுதிசெய்தன.

உங்கள் மேசையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பெட்டிக்கு 12 ஜோடி வீதம், 39ஆம் அளவில் 20 பெட்டிகள், 240 ஜோடி என்று சேர்த்துவிட்டு 40ஆம் அளவுக்குப் போகும்போது, ஏஜென்ட் அழைத்து வேறொரு சரக்கின் கிராஸ் வெயிட்டை, அதாவது பெட்டியோடு சேர்ந்த மொத்த எடையைக் கேட்கிறார். பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஏறத்தாழ நான்கு செய்திகளையே மனத்தில் ஏந்த முடியும் என்பதால், நீங்கள் நிறுத்தி வைத்திருந்த மொத்தத்தையும் வரியையும் அந்த எடை வெளியே தள்ளிவிடுகிறது. திரும்பி வந்து ‘எந்த வரியில் விட்டேன்?’ என்று தேடும்போதுதான் 39 இரண்டாம் முறை சேர்கிறது, அல்லது 40 விடுபடுகிறது. அழைப்பில் போன நிமிடத்தைவிட, திரும்பி வருவதில்தான் நமக்கு இழப்பு அதிகம்.

ஆகவே, திரும்பும் வழியைக் காத்துக்கொள்ளுங்கள். போன் ஒலித்தாலும் கையிலுள்ள வரியை முடித்துவிட்டு, “39 முடிந்தது, மொத்தம் இவ்வளவு, அடுத்து 40” என்று பென்சிலால் எழுதிய பிறகே எடுங்கள். இதற்கு ஐந்தாறு நொடிதான் ஆகும். அதற்குள் மணி நின்றுவிட்டால் நீங்களே திரும்ப அழைக்கலாம். பாதியில் விட்ட வேலையில் மனத்தின் ஒரு பகுதி தங்கிவிடுகிறது என்று 2009இல் எழுதிய ஆய்வாளர் சோஃபி லெராய், விட்ட இடத்தையும் அடுத்துச் செய்யவேண்டியதையும் குறித்துவைத்தால் அந்தத் தங்கல் குறைகிறது என்பதைத் தெரசா குளோம்புடன் சேர்ந்து 2018இல் நிறுவினார். நான் சொல்லும் அனைத்திலும் இதையே முதலில் பழகச் சொல்வேன்.

அட்டாவதானம் பற்றிக் கேட்டீர்கள். 1907இல் சென்னையில் சதாவதானம் (எட்டுக்குப் பதில் நூறு செயல்களில் கவனம்) நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர் போன்றோரின் அருமை, குறுக்கே எத்தனை வந்தாலும் ஒவ்வொன்றையும் விட்ட இடத்திலிருந்தே பிழையின்றித் தொடர்ந்ததில்தான் இருக்கிறது. நெடுங்காலம் நினைவாற்றலைப் பழக்கியவர்கள் அவர்கள். அவர்கள் நினைவில் செய்ததை நீங்கள் தாளில் செய்கிறீர்கள்.

அடுத்தது, மேலாளரிடம் பேசி ஒரு மணி நேரத்தைப் பேக்கிங் லிஸ்ட்டுக்கென்றே ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வாட்ஸ்ஆப் குழுக்கள் ஒலியின்றி இருக்கட்டும், போன் மேசை இழுப்பறைக்குள் இருக்கட்டும். அவசரமென்றால் அலுவலகத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லிவிடலாம். சேர்ந்த செய்திகளுக்கு அதன் பிறகு மொத்தமாக உட்கார்ந்து பதில் எழுதுங்கள். மேலாளர் தயங்கினால் ஒரு வாரம் மட்டும் அனுமதி கேளுங்கள். அந்த வாரத்தில் திருத்தி அனுப்ப நேர்ந்த பட்டியல்கள் எத்தனை, அதற்கு முந்தைய வாரத்தில் எத்தனை என்று எண்ணி அவரிடம் காட்டுங்கள்.