ரிசப்ஷனில் போட்ட ஸ்கேன் டிஸ்க்கை டாக்டர் அறையில் பார்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் கிளினிக்கில் ரிசப்ஷன் கணினியில் மட்டும்தான் டிவிடி டிரைவ் இருக்கிறது. நோயாளிகள் கொண்டுவரும் சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. டிஸ்க்குகளை டாக்டரின் லேப்டாப்பில் பார்க்க டிரைவை ஷேர் செய்தோம். பாஸ்வேர்டு கேட்கிறது, சரியாகக் கொடுத்தாலும் ஏற்பதில்லை. ஒருவழியாகத் திறந்தால் படங்கள் ஊர்ந்து ஊர்ந்து வருகின்றன. இரண்டிலும் விண்டோஸ் 11. என்ன வழி?

பதில்: முதலில் பாஸ்வேர்டு விஷயம். கணினியைத் திறக்கப் போடும் 4 இலக்கப் பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக நுழைய அது உதவாது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் வெளியிலிருந்து அனுமதிக்காது. ஆகவே ரிசப்ஷன் கணினியில் 'ஸ்கேன்' போன்ற ஒரு பெயரில் தனி லோக்கல் யூசர் உருவாக்கி, அதற்கு நல்ல பாஸ்வேர்டு கொடுங்கள். லேப்டாப்பில் கேட்கும்போது யூசர் பெயரை மட்டும் அடிக்காதீர்கள். ரிசப்ஷன் கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு (\), பிறகு யூசர் பெயர் என்று முழுதாக அடியுங்கள். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டு கணினிகளிலும் நெட்வொர்க் வகை 'பிரைவேட்' என்று இருக்கிறதா, 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் பெரும்பாலான ரவுட்டர்கள் மற்ற கணினிகளைப் பார்க்கவே விடாது.

இனி வேகம். நெட்வொர்க்கைக் குறை சொல்ல வேண்டாம். பழைய 100 எம்பிபிஎஸ் கேபிள்கூட நொடிக்குச் சுமார் 12 எம்பி கடத்தும். 24எக்ஸ் வேகத்தில் சுழலும் சிடி டிஸ்க் தருவதோ நொடிக்கு அதிகபட்சம் 3.6 எம்பி. அதுவும் ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ந்து படித்தால்தான். சி.டி. ஸ்கேனின் ஒவ்வொரு வெட்டுப் படமும் அரை எம்பி அளவுள்ள தனி ஃபைல்; ஒரு பரிசோதனையில் 500 படங்கள் இருப்பது சாதாரணம். டாக்டர் படங்களை முன்னும் பின்னும் உருட்டும்போது டிரைவின் லென்ஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கின் மேல் இடம் மாற வேண்டும். ஒரு தாவலுக்கே ஏறத்தாழ 100 மில்லிசெகண்ட் போய்விடும். சற்று நேரம் படிக்காமல் விட்டால் டிஸ்க் சுழல்வதையே நிறுத்திவிடும், மறுபடி வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும்.

அதனால் டிரைவை ஷேர் செய்வதையே கைவிடுங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை. ரிசப்ஷன் கணினியில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதை மட்டும் ஷேர் செய்யுங்கள். 'பெர்மிஷன்ஸ்' பட்டியலிலிருந்து 'எவ்ரிஒன்' என்பதை நீக்கிவிட்டு, புதிய யூசருக்கு 'ரீட்' மட்டும் கொடுங்கள். இதையே 'செக்யூரிட்டி' டேபிலும் செய்யுங்கள். அங்கே விட்டுவிட்டால் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும், திறக்க வராது. டிஸ்க் வந்ததும் அதிலுள்ள அனைத்தையும் நோயாளியின் பதிவு எண்ணிட்ட துணை ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். 250 எம்பி என்றால் 2, 3 நிமிட வேலை. படங்கள் உள்ள ஃபோல்டரை மட்டும் எடுக்காதீர்கள்: 'டைகாம்டிர்' (DICOMDIR) என்ற ஃபைல்தான் பரிசோதனையின் அட்டவணை. படங்கள் பழைய அமைப்பிலேயே இருந்தால்தான் அது அவற்றைக் கண்டுபிடிக்கும்.

டிஸ்க்கோடு வரும் வியூவரை (படம் பார்க்கும் புரோகிராமை) நெட்வொர்க் வழியாக ஓட்ட வேண்டாம். அது தானாகத் தொடங்காது, சில வியூவர்கள் D: போன்ற டிரைவ் எழுத்து இல்லாத பாதையில் இயங்கவே மறுக்கும், முன்பின் தெரியாத டிஸ்க்கிலிருந்து புரோகிராம் ஓட்டுவது ஆபத்தும்கூட. லேப்டாப்பிலேயே ஒரு டைகாம் (மருத்துவப் படங்களுக்கான ஃபைல் வடிவம்) வியூவரை நிறுவி, அதிலிருந்து 'டைகாம்டிர்' ஃபைலைத் திறங்கள். ரிசப்ஷன் கணினி ஸ்லீப்புக்குப் போகாதபடி பவர் செட்டிங்கையும் மாற்றிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. கீறல் விழுந்த டிஸ்க்கில் காப்பி பாதியில் நின்று 'ஸ்கிப்' செய்யவா என்று கேட்டால், செய்யாதீர்கள். விடுபட்ட அந்த ஒரு படத்தில்தான் டாக்டர் தேடும் கட்டி இருக்கலாம். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்க்கோட்டில் துடைத்து மறுபடி போடுங்கள். அப்படியும் படிக்கவில்லை என்றால் ஸ்கேன் சென்டரில் இன்னொரு பிரதி கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.